மாரியா மீண்ட கதை

ரேடியம் கண்ட கியூரி அம்மையாரை அறியாத மாணவர் நம்முள் இலர். பள்ளிப் பாடநூலிலேயே அவர் படத்தைக் கண்டிருக்கிறோம்: கருநிற உடை, இறுகிய வாய், படியாத கூந்தல். 1903இல் இயற்பியலுக்கும் 1911இல் வேதியியலுக்கும் நோபெல் பரிசு பெற்றவர். அந்தப் படத்தைப் பார்ப்போர், இவர் பிறந்த நாள் முதல் ஆய்வுக்கூடத்திலேயே வாழ்ந்தவர் என்று எண்ணுவர். இவர் இளமையில் ஒருவரைக் காதலித்தார், அவரால் கைவிடப்பட்டார், இனித் தம் வாழ்வில் ஒன்றுமில்லை என்று சில ஆண்டுகள் ஒடுங்கிக் கிடந்தார் என்று சொன்னால் நம்புவோர் சிலரே. அவருடைய இளைய மகள் ஈவ் எழுதி 1937இல் வெளியான வாழ்க்கை வரலாற்றைப் படிக்கும் வரை நானும் அறியேன்.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஊரையும் உறவையும் விட்டு வந்து விடுதியில் வாழ்பவர் நாம். ஒரு நண்பனின் அறைக் கதவு மூன்று நாள் சாத்தியே இருந்தால், ஒன்று காய்ச்சலாக இருக்கும். அல்லது கைப்பேசியில் வந்த ஒரு செய்தியாக இருக்கும். காய்ச்சல் என்றால் கஞ்சி வாங்கி வருகிறோம். மற்றதென்றால் நமக்குத் தெரிந்த மருந்து இரண்டே. இரண்டு வாரத்தில் எல்லாம் மறந்துவிடும் என்போம். இல்லையேல், விட்டுப் போனவர் வருந்தும்படி உயர்ந்து காட்டு என்போம். திரைப்படத்தைக் கேட்டாலோ 1953ஆம் ஆண்டுத் ‘தேவதாஸ்’ முதலாக இன்றுவரை தாடியையும் மதுவையும் காட்டுகிறது. மாரியாவின் வாழ்க்கை இம்மூன்றில் எதற்கும் இணங்கவில்லை.

மாரியா ஸ்க்லொடோவ்ஸ்கா 1867ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் வார்சா நகரில் பிறந்தார். ஐந்து மக்களில் கடைக்குட்டி. போலந்தின் அப்பகுதி அந்நாளில் ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்தது. பள்ளியில் தாய்மொழியில் பாடம் நடத்தலாகாது. தந்தை கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். மூத்த தமக்கை 1876இல் நச்சுக் காய்ச்சலால் இறந்தார். ஈராண்டு கழித்துத் தாய் காச நோயால் மறைந்தார். தந்தை சேமித்த பணமும் தவறான முதலீட்டில் போயிற்று. 1883இல் மாரியா பொற்பதக்கம் பெற்றுப் பள்ளியை முடித்தார். ஆனால் வார்சாப் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. பாரிசு சென்றால் படிக்கலாம். செல்லப் பணம் இல்லை.

அப்போது அக்காளும் தங்கையும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். அக்காள் புரோன்யா முதலில் பாரிசு சென்று மருத்துவம் படிப்பது. மாரியா செல்வர் வீட்டில் ஆசிரியையாக இருந்து பணம் அனுப்புவது. அக்காள் மருத்துவரானதும் தங்கையைப் படிக்க வைப்பது. பதினெட்டு வயதுப் பெண் இப்படி ஒரு பொறுப்பை ஏற்றாள் என்பதை மனத்தில் கொள்ளவேண்டும். பின்னால் நடந்த எல்லாவற்றிலும் இந்த உடன்பாடு குறுக்கே வரும்.

1886 சனவரி முதல் நாள் மாரியா வார்சாவை விட்டுப் புறப்பட்டார். மூன்று மணி நேரம் ரயில். பின்பு நான்கு மணி நேரம் பனிமேல் வழுக்கிச் செல்லும் வண்டி. சேர்ந்த இடம் ஷ்சுக்கி என்னும் சிற்றூர். காடும் புல்வெளியும் இருக்கும் என்று கனவு கண்டு சென்றவருக்குச் சன்னலைத் திறந்ததும் தெரிந்தவை சர்க்கரை ஆலையின் புகைபோக்கியும், அந்த ஆலைக்கென்றே பயிரிட்ட பீட்ரூட் வயல்களுமே. வீட்டுத் தலைவர் சொராவ்ஸ்கி ஒரு பிரபுவின் பண்ணையை நடத்தி வந்தவர். மாரியாவுக்குச் சம்பளம் ஆண்டுக்கு 500 ரூபிள். அதில் பாதியளவு மாதந்தோறும் பாரிசுக்குச் சென்றது.

அந்த வீட்டார் கொடியவர் அல்லர். இதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். மூத்த பெண் புரோன்கா மாரியாவின் வயதினள், இருவரும் தோழியராயினர். மாரியாவின் பிறந்த நாளுக்கு வீட்டார் பூவும் பரிசும் தந்தனர். இருவருமாகச் சேர்ந்து ஊர் உழவர் பிள்ளைகளுக்குப் போலிஷ் எழுத்துக் கற்பித்தனர். வெளியில் தெரிந்தால் சைபீரியாவுக்கு நாடு கடத்தும் குற்றம் அது. வீட்டார் தடுக்கவில்லை.

வீட்டின் மூத்த மகன் காசிமிர், வார்சாவில் கணிதம் படித்துக்கொண்டிருந்தவர், விடுமுறைக்கு வந்தார். நடனம், படகு, பனிச்சறுக்கு எல்லாம் அறிந்த பெண், பேசினால் அறிவு ஒளிரும் பெண், தங்கையருக்கு ஆசிரியையாக இருக்கக் கண்டார். இருவரும் விரும்பினர், மணக்க முடிவு செய்தனர். வீட்டாருக்குத் தம்மீது அன்பிருந்ததால் தடை வராது என்று மாரியா நம்பியிருக்க வேண்டும்.

தந்தை சீறினார். தாய் மயங்கி விழாத குறை. எந்த நல்ல குடும்பத்துப் பெண்ணையும் மணக்கத்தக்க தலைமகன், கையில் காசில்லாமல் பிறர் வீட்டில் ஊழியம் பார்க்கும் பெண்ணையா மணப்பது! நேற்றுவரை மேசையில் அருகே அமர்ந்து உண்டவள் ஒரே நாளில் வேலைக்காரி ஆனாள். காசிமிர் என்ன செய்தார்? எதிர்க்கவுமில்லை, முற்றும் விடவுமில்லை. தயங்கினார். அத்தயக்கம் ஐந்தாண்டு நீண்டது. ஒரேயடியாக மறுத்திருந்தால் அதுவே இரக்கமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்நிலையில் மானமுள்ள பெண் அன்றே மூட்டை கட்டியிருப்பாள் அல்லவா? மாரியா கட்டவில்லை. கட்ட முடியவில்லை. அவர் சம்பளத்தில்தான் அக்காளின் படிப்பு நடந்தது. ஊர் திரும்பினால் தந்தை காரணம் கேட்பார். அவர் மனம் வருந்தும். ஆகவே தம்மை மறுத்த அதே வீட்டில், அதே மேசையில், அதே பெற்றோரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, 1889 வரை இருந்தார். விடுமுறை தோறும் காசிமிர் வருவார்; வணக்கம் சொல்வார்; போவார். நம் பழைய இலக்கியத்தில் காதல் கைகூடாத ஆடவன் மடலேறித் தன் துயரை ஊரறியச் செய்யலாம். பெண்ணுக்கு அவ்வழி இல்லை. ஷ்சுக்கியிலும் இல்லை.

அந்த ஆண்டுகளின் கடிதங்கள் சில எஞ்சியுள்ளன. 1887 மார்ச்சில் அண்ணன் யோசெப்புக்கு எழுதும்போது, தாம் ஏதேனும் ஆகலாம் என்ற நம்பிக்கை போய்விட்டதென்றும், இனித் தம் ஆசையெல்லாம் அண்ணனும் புரோன்யாவும் உயர்வதுதான் என்றும் எழுதினார். எழுதியபோது வயது பத்தொன்பது. அடுத்த மாதம் மற்றோர் அக்காள் ஹெலெனாவின் திருமணப் பேச்சும் பணமின்மையால் முறிந்தது. அப்போதுதான் மாரியாவின் சினம் வெளிப்பட்டது. ஏழைப் பெண்களை மணக்க விரும்பாதவர்கள் தொலைந்து போகட்டும், அவர்களை யார் கேட்டார்கள் என்று உறவினள் ஒருத்திக்கு எழுதினார். அக்காளுக்காகச் சினந்ததாகத்தான் கடிதம். படிப்பவர்க்கு உண்மை விளங்கும். 1888 நவம்பரில் எழுதிய கடிதத்திலோ சினமும் இல்லை; மேல்காற்றும் மழையும் சேறுமாக நாள்கள் கழிவதையும், தாம் இருண்ட சோர்வில் ஆழ்ந்துவிட்டதையும் சொல்கிறார். ஒன்றரை ஆண்டு கழிந்தும் புண் ஆறவில்லை. இன்னும் மோசமாகியிருந்தது.

ஆனால் இரவுதோறும் ஒன்று நடந்துவந்தது. ஒன்பது மணிக்குமேல், வீடு அடங்கிய பின், மாரியா புத்தகத்தைத் திறப்பார். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று நூல்கள்: இயற்பியல் ஒன்று, சமூகவியல் ஒன்று, உடற்கூறு ஒன்று. ஒன்று சலித்தால் மற்றொன்று. எதிலும் மனம் நில்லாத இரவுகளில் இயற்கணிதக் கணக்குகளைப் போடுவார். கணக்குப் போடும்போது மனம் அலைபாய இடமில்லை என்பது அவர் கண்டுகொண்ட வழி. விடை வராத கணக்குகளைத் தந்தைக்கு எழுதுவார். தந்தை தீர்த்து அனுப்புவார். சர்க்கரை ஆலையின் வேதியியலாரிடமும் பாடம் கேட்டார். இந்தப் படிப்பைப் பெரிய உறுதி என்று சிலர் புகழ்வர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கே போகப்போகிறோம் என்று தெரியாமலே படித்தார். எந்த இயல் தமக்கு ஏற்றது என்பதைக்கூட இந்தத் திசையற்ற படிப்பில்தான் தடவித் தடவி அறிந்தார். இலக்கியமும் சமூகவியலும் பின்னே நின்றுவிட, இயற்பியலும் கணிதமும் முன்வந்தன.

1889இல் ஷ்சுக்கி வேலை முடிந்தது. வார்சாவில் வேறொரு செல்வர் வீட்டில் ஓராண்டு ஆசிரியை. இதற்கிடையில் தந்தைக்கு நல்ல வருவாயுள்ள வேலை கிடைத்துப் புரோன்யாவின் செலவை அவரே ஏற்றார். 1890 மார்ச்சில் அந்தக் கடிதம் பாரிசிலிருந்து வந்தது. உடன்பாட்டின்படி இப்போது தங்கையின் முறை. புரோன்யா தம்முடன் மருத்துவம் படித்த போலந்துக்காரர் ஒருவரை மணக்கப்போகிறார். அடுத்த ஆண்டு மாரியா வந்து அவர்கள் வீட்டில் தங்கிப் படிக்கலாம். மணமகன் பெயரும் காசிமிர். ஊழின் விளையாட்டு என்று நம் பாட்டிமார் சொல்வார்கள்.

நான்காண்டு காத்திருந்த அழைப்பு. மாரியா என்ன விடை எழுதினார்? வரவில்லை என்று எழுதினார்.

ஈவின் நூலில் இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றேன். பாரிசைத் தாம் ஒரு காலத்தில் மீட்சி போல எண்ணியிருந்ததாகவும், அந்த ஆசை எப்போதோ போய்விட்டதாகவும், இப்போது வாய்ப்பு வந்தபோது என்ன செய்வதென்றே தெரியவில்லை என்றும் எழுதுகிறார். தந்தைக்குத் துணையாக இருப்பதாகச் சொல்லிவிட்டாராம், ஹெலெனாவுக்கு உதவவேண்டுமாம். தாம் முட்டாளாகவே இருந்ததாகவும் இனியும் அப்படியே இருக்கப்போவதாகவும் சொல்கிறார். தந்தைமேல் அன்பு பொய்யன்று. அதன் அடியில் காசிமிர் சொராவ்ஸ்கி என்றாவது உறுதிகொண்டு வருவார் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. அதையும் மகள் மறைக்கவில்லை. காதல் தோல்வியே கியூரியை அறிஞராக்கியது என்று மேடையில் முழங்குவோர் உண்டு. அவர்கள் இந்தக் கடிதத்தைப் படிக்கவேண்டும். அந்தத் தோல்வி அவரை அறிஞராக்கவில்லை. அறிஞராகாமல் ஏறக்குறைய தடுத்தேவிட்டது.

பிறகு எது அவரைத் திருப்பியது? ஓர் அறிவுரையன்று, ஒரு புதிய காதலன் அன்று. வார்சாவில் ஒரு சிறு கட்டடம். தொழில், வேளாண்மைப் பொருட்காட்சிச் சாலை என்று அதற்குப் பெயர். ரஷ்ய அதிகாரிகளின் கண்ணுக்கு அதில் ஐயப்பட ஒன்றும் இல்லை. உள்ளே ஓர் ஆய்வுக்கூடம். அதை நடத்திய யோசெப் போகுஸ்கி மாரியாவின் உறவினர். முன்பு மெண்டெலீவின் உதவியாளராக இருந்தவர். பகலில் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, மாலையிலும் ஞாயிறன்றும் மாரியா அங்கே போவார். பெரும்பாலும் தனியாக இருப்பார். நூல்களில் படித்த சோதனைகளைத் தம் கையால் செய்து பார்ப்பார். பல சோதனைகள் கெட்டுப்போயின. எப்போதாவது ஒன்று எதிர்பாராமல் நன்றாக வரும். நள்ளிரவில் வீடு திரும்பிப் படுத்தால் உறக்கம் வராது. ஆனால் இப்போது உறக்கத்தைக் கெடுத்தது வேறு.

ஆய்வுக்கூடத்தில் நிற்கும் நமக்கு இது புரியும். சோதனைக் குழாய்க்கு நம் துயரம் தெரியாது. அளவு தவறினால் தவறுதான். ஆறுதலும் சொல்லாது, பழியும் சொல்லாது. மறுநாள் மீண்டும் செய்யலாம். ஆண்டுக்கணக்கில் பிறர் முகம் பார்த்துப் பிறர் முடிவுக்குக் காத்திருந்த பெண்ணுக்கு, தன் கையின் பிழையைத் தானே கண்டு தானே திருத்தும் ஓர் இடம் கிடைத்தது. அவ்வளவுதான் நடந்தது. அது போதுமானதாக இருந்தது.

1891 செப்டம்பரில் மாரியா ஓய்வுக்காக டாட்ரா மலையில் உள்ள சாக்கொபானே என்னும் ஊருக்குச் சென்றார். காசிமிர் அங்கே வந்தார். மலைப்பாதையில் இருவரும் நடந்தபடி பேசினர். அவர் மீண்டும் தம் பெற்றோரையும் தம் தயக்கத்தையும் சொன்னார். ஐந்தாண்டாகக் கேட்ட அதே பேச்சு. இம்முறை மாரியா காத்திருக்கவில்லை. வழி காண உங்களுக்கே தெரியவில்லை என்றால் அதைக் கற்பிப்பது என் வேலையன்று என்னும் கருத்துப்படச் சொல்லி முடித்தார். செப்டம்பர் 23ஆம் நாள் புரோன்யாவுக்குக் கடிதம் போயிற்று. பாரிசு வரலாமா, இப்போதும் இடம் தரமுடியுமா என்று அதில் கேட்டார். தம்மை எங்கே வேண்டுமானாலும் படுக்க வைக்கலாம், தொல்லை தரமாட்டேன் என்று கெஞ்சாக் குறையாக எழுதினார். ஓராண்டுக்கு முன் வரமாட்டேன் என்றவர்தான். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது. எனக்கும் அதே வயது நடப்பதால் அந்தக் கடிதத்தின் அவசரம் எனக்கு நன்றாகவே கேட்கிறது.

பாரிசுக் கதை பலரும் அறிந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். செருமானிய ரயிலில் நான்காம் வகுப்பு. அமர இருக்கை இல்லாததால் சொந்த மடக்கு நாற்காலி. 1891 நவம்பரில் சோர்போனில் சேர்ந்தார். அக்காள் வீட்டில் விருந்தும் இசையும் மிகுதி. படிக்க முடியவில்லை என்று தனியே ஒரு மொட்டைமாடி அறைக்குப் போனார். குளிர்காலத்தில் பாத்திரத்து நீர் உறையும். இருக்கும் துணியையெல்லாம் போர்வைமேல் குவித்து உறங்குவார். ஒரு நாள் பசியால் மயங்கியும் விழுந்தார். 1893இல் இயற்பியல் பட்டத் தேர்வில் முதலிடம். 1894இல் கணிதத்தில் இரண்டாமிடம். இடையில் 600 ரூபிள் உதவித்தொகை ஒன்று கிடைத்தது. பின்னாளில் சம்பாதித்ததும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். திருப்பித் தரும்படி யாரும் கேட்கவில்லை.

காதலும் திருமணமும் தமக்கு இல்லை என்று அவர் அப்போது தீர்மானித்திருந்தார். 1894 வசந்தத்தில் பியேர் கியூரியைக் கண்டார். பியேருக்கு வயது முப்பத்தைந்து. பேச்சு முழுவதும் படிகங்களும் காந்தமும். மணக்கலாமா என்று அவர் கேட்டபோது மாரியா இசையவில்லை. ஏறக்குறைய ஓராண்டு இழுபட்டது. வெளிநாட்டாரை மணந்தால் நாட்டையும் தந்தையையும் விட நேரும் என்பது ஒரு காரணம். ஒருமுறை சுட்ட கை என்பது மற்றொன்றாக இருக்கலாம். பியேர் என்ன செய்தார் தெரியுமா? நீ பிரான்சில் இருக்க முடியாதென்றால் நான் போலந்துக்கு வருகிறேன். அங்கே பிரெஞ்சு மொழி கற்பித்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்னும் வகையில் சொன்னார். தாய் தந்தையரிடம் ஒரு சொல் எதிர்த்துப் பேச ஐந்தாண்டு போதாத ஒருவரைக் கண்டிருந்தவர் மாரியா. இந்தச் சொல்லின் எடையை அவர் அறிவார். பியேரின் பெற்றோரோ மருமகளை இருகையால் வரவேற்றனர்.

1895 சூலை 26ஆம் நாள் சோ என்னும் ஊரில் பதிவுத் திருமணம். மோதிரமில்லை, வெள்ளை உடையில்லை. புரோன்யாவின் மாமியார் உடை வாங்கித் தர முன்வந்தபோது, பின்னால் ஆய்வுக்கூடத்துக்கும் உடுத்திப்போகத் தக்க கருநீல உடை போதும் என்று மாரியா கேட்டு வாங்கினார். அன்பளிப்பாக வந்த பணத்தில் இரண்டு மிதிவண்டிகள் வாங்கி, அவற்றிலேயே நாட்டுப்புறமெல்லாம் தேனிலவுக்குச் சுற்றினர். ஷ்சுக்கியில் மனம் உடைந்ததிலிருந்து எட்டாண்டு கணக்கு. இரண்டு வாரம் என்று நண்பனுக்குக் கெடு வைக்கும் நாம் இந்த எண்ணையும் அறிந்திருப்பது நல்லது.

1898இல் கண்ட முதல் தனிமத்துக்குத் தாய்நாட்டின் பெயரால் பொலோனியம் என்று பெயரிட்டதும், அதே ஆண்டு இறுதியில் ரேடியத்தை அறிவித்ததும் நாம் படித்தவையே. துயரமும் ஒருமுறையோடு நிற்கவில்லை. 1906 ஏப்ரல் 19 அன்று பியேர் குதிரை வண்டியில் அடிபட்டு இறந்தார். அவ்வாண்டு நவம்பரில் அவர் இடத்தில் பாடம் நடத்த வந்த மாரியா, கணவர் எந்த வரியில் நிறுத்தியிருந்தாரோ அதற்கடுத்த வரியில் தொடங்கினார். 1911இல் பால் லாஞ்செவின் என்னும் இயற்பியலாரோடு கொண்ட அன்பு செய்தித்தாள்களில் சந்தி சிரித்தது. நோபெல் பரிசு பெற நேரில் வரவேண்டாம் என்றுகூட ஒருவர் எழுதினார். மாரியா சென்று பெற்றுக்கொண்டார். அதன்பின் நோயில் வீழ்ந்து, ஓராண்டுக்கு மேல் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டைத் தொடாமல் இருந்ததையும் சேர்த்தே சொல்லவேண்டும். அந்நாளில் அவரை இங்கிலாந்தில் தம் வீட்டில் வைத்துக் காத்தவர் ஹெர்த்தா அயர்ட்டன் என்னும் பெண் அறிஞர்.

காசிமிர் சொராவ்ஸ்கி கெட்டுப்போகவில்லை. லைப்சிக்கில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றுக் கிராக்கோவில் கணிதப் பேராசிரியராகிப் புகழ் பெற்றார். வேறொரு பெண்ணை மணந்தார். 1953இல் வார்சாவில் காலமானார். 1935இல் வார்சாவில் அம்மையாருக்குச் சிலை வைத்தார்கள். முதுமையில் அவர் அதன் எதிரே வந்து நெடுநேரம் அமர்ந்திருப்பார் என்று ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. கேட்போர் பலருக்கு அது இனிக்கிறது. எனக்கு இனிக்கவில்லை. அவர் வருந்தினார் என்று காட்டினால்தான் மாரியாவின் வாழ்வு நிறைவுறும் என்பது போல இருக்கிறது அந்தக் கதை.

சிலை நிற்கும் இடத்துக்கு எதிரே இருப்பது ரேடியம் மருத்துவ நிலையம். புற்றுநோய்க்கு மருத்துவம் செய்ய வார்சாவில் அப்படி ஒன்று வேண்டும் என்று மாரியா ஆசைப்பட்டார். நாடு முழுதும் நிதி திரட்டி, கல் மேல் கல் வைத்து அதைக் கட்டி எழுப்பியவர் மருத்துவர் புரோன்யா. 1932 மே மாதத் திறப்பு விழாவுக்கு மாரியா வந்தார். அதுவே அவர் தாய்நாட்டைக் கடைசியாகக் கண்டது. 1934 சூலை 4ஆம் நாள் மறைந்தார். குருதியைக் கெடுத்த அந்நோய்க்குக் காரணம் நெடுங்காலம் பட்ட கதிர்கள். சோவில் பியேரின் பெட்டிமேல் அவர் பெட்டியை இறக்கியபோது, அண்ணன் யோசெப்பும் அக்காள் புரோன்யாவும் போலந்திலிருந்து கொண்டுவந்திருந்த மண்ணைக் குழியில் இட்டனர்.